பால் வருகிறது, கன்று போகிறது

கன்று எதனால் செத்தது என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கும். "வயித்தால போய்ச் செத்துட்டுது." நாலந்தாவில் கேட்டாலும் சரி, மட்டக்களப்பில் கேட்டாலும் சரி, கடல் தாண்டி நாமக்கல்லில் கேட்டாலும் சரி, சொற்கள் கொஞ்சம் மாறும், பதில் மாறாது. அது பொய்யான பதில் அல்ல. ஆனால் வயிற்றோட்டம் கடைசியில் வந்தது. அதற்கு முன்னே பல காரியங்கள் நடந்திருக்கும். கன்று பிறந்த இரவில் யாரோ ஒருவர் செய்யாமல் விட்ட ஒரு வேலையில் அந்தச் சாவு தொடங்கியிருக்கும். சில கன்றுகளுக்கு அது தாய்ப்பசு சினையாக இருந்தபோதே, புல் கிடைக்காத ஒரு ஆவணி மாதத்தில் தொடங்கியிருக்கும்.

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குப் போகும் ஏ9 வீதியோரத்தில் இருக்கிறது நாலந்தா. வெளியூர்க்காரர்களுக்கு அது கெடிகே இருக்கும் இடம். பல்லவர் பாணியில் கட்டிய கற்கோயில் அது. மகாவலித் திட்டத்தில் போவதென்ன நீர்த்தேக்கம் வந்தபோது தண்ணீருக்குள் போய்விடாதபடி கல் கல்லாகப் பிரித்து மேட்டில் மறுபடி எழுப்பினார்கள். மாடு வளர்ப்பவருக்கு இந்த இடம் வேறு விதத்தில் முக்கியம். மலைநாட்டின் ஈரம் முடிந்து வடக்கின் வறட்சி தொடங்கும் இடைவலயம் இது. ஐப்பசி தொடங்கித் தை வரை மழை பெய்யும். ஆடி, ஆவணியில் வரம்போரப் புல்லும் காய்ந்துவிடும். வறண்ட மாதங்களில் சினைப்பசு அரைவயிற்றோடு நிற்கும். அது போடும் கன்று எடை குறைந்து, எழுந்து நிற்கவே தடுமாறும். மழை மாதங்களில் கொட்டிலின் தரை காயாது. ஈயும் இலையானும் புழு முட்டையும் பெருகும். இரண்டு பருவமும் கன்றுக்குப் பகை என்றால், அதைக் காப்பாற்ற வேண்டியது வளர்ப்பவரின் கைதான்.

இந்தப் பக்கத்து மாடுகள் பெரிய பண்ணைகளில் இல்லை. வீட்டுக்குப் பின்னால், மிளகுக்கொடிக்கும் தென்னைக்கும் இடையில், இரண்டு மூன்று பசு. ஜேர்சியோ பிரீசியனோ சஹிவாலோ கலந்த இனம், அல்லது நாட்டு மாடு. மாத்தளைத் தோட்டப் பகுதிகளுக்குப் போனால் லயத்துக்குப் பின்னால் அதே மாதிரி ஒரு சிறு தொழுவம். காலையில் பால் நிலையத்துக்குப் போகும், மாலையில் புல்லுக்கட்டு வரும். இப்படிப்பட்ட வீட்டில் ஒரு பெண் கன்று செத்தால் என்ன நட்டம் என்று கணக்குப் பார்ப்போம். ஒரு பசு தன் ஆயுளில் நாலு கன்று போடுகிறது என்று வைத்துக்கொண்டால், அதில் ஏறத்தாழ இரண்டு பெண். ஒன்று தாயின் இடத்தை நிரப்பும். மற்றதுதான் அந்த வீட்டின் வளர்ச்சி. அது போய்விட்டால் மூன்று மாடு வைத்திருந்தவர் பத்து வருடம் கழித்தும் மூன்று மாட்டோடுதான் நிற்பார். கன்று இல்லாவிட்டால் பல நாட்டுப் பசுக்களும் கலப்புப் பசுக்களும் பாலை இறக்கவே மறுக்கும். செத்த கன்றின் தோலுக்குள் வைக்கோல் அடைத்துத் தாயின் முன் வைத்துக் கறக்கும் பழக்கம் தமிழகத்தில் இருந்தது இதனால்தான். கன்றின் சாவு அந்த ஈற்றுப் பாலையும் சேர்த்தே கொண்டுபோய்விடும்.

முதல் ஆறு மணி நேரம்

மனிதக் குழந்தை தாயின் வயிற்றிலேயே நோய் எதிர்க்கும் சக்தியில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டு பிறக்கிறது. கன்றுக்கு அந்த வசதி இல்லை. பசுவின் நஞ்சுக்கொடியின் அமைப்பு, தாயின் இரத்தத்திலுள்ள எதிர்ப்புப் புரதங்களைக் கன்றின் இரத்தத்துக்குள் விடாது. ஆகவே பிறந்து விழும் நேரத்தில் கன்று வெறும் உடம்போடு விழுகிறது. சாணமும் மூத்திரமும் கலந்த அந்தத் தரையில் இருக்கும் ஒவ்வொரு கிருமிக்கும் அதன் வாயும் தொப்புளும் திறந்தே கிடக்கின்றன. அதைக் காப்பது ஒன்றே ஒன்றுதான். தாயின் மடியில் முதலில் ஊறும் மஞ்சள் நிறக் கெட்டிப் பால், கடும்பு, சீம்பால்.

இதைச் சோதனையில் நிறுவியவர் தியோபால்ட் ஸ்மித். அமெரிக்காவின் ரொக்பெல்லர் ஆய்வு நிறுவனத்தில் ரால்ப் லிற்றில் என்பவரோடு சேர்ந்து அவர் 1922இல் வெளியிட்ட ஆய்வில், சீம்பால் கொடுக்காமல் வளர்த்த 12 கன்றுகளில் 9 இறந்தன. சீம்பால் குடித்த 10 கன்றுகளும் பிழைத்தன. மாடுகளின் இரத்தக் காய்ச்சலை உண்ணி பரப்புகிறது என்று 1893இல் கில்போர்னோடு சேர்ந்து காட்டியவரும் இதே ஸ்மித்தான். கன்றுகளைப் பற்றி அவர் சொன்னது நூறு ஆண்டு பழையது. எந்தப் பெரிய மருந்தும் கேட்காதது. ஆனாலும் நம் தொழுவங்களுக்கு இன்னும் முழுதாக வந்து சேரவில்லை.

ஏன் வரவில்லை என்று பார்த்தால், நேரம்தான் சிக்கல். சீம்பாலிலுள்ள எதிர்ப்புப் புரதங்களைக் கன்றின் குடல் முழுதாக உள்ளே விடுவது முதல் சில மணி நேரம் மட்டுமே. ஆறு மணி நேரத்துக்குள் குடித்தால் நிறையப் பலன். பிறகு ஒவ்வொரு மணிக்கும் அந்தக் கதவு ஒடுங்கி, ஏறத்தாழ 24 மணி நேரத்தில் அடைபட்டுவிடும். அடுத்த நாள் வாளி நிறையக் கொடுத்தாலும் அது வயிற்றுக்கு உணவாகும், உடம்புக்குக் கவசமாகாது. அளவும் முக்கியம். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்பது பொதுக் கணக்கு. 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லீற்றர். 15 கிலோ நாட்டுக் கன்றுக்கு ஒன்றரை லீற்றர்.

இப்போது நம் வழக்கத்தைப் பாருங்கள். பசு நடுச்சாமத்தில் கன்று போடும். விடியும்வரை யாரும் போவதில்லை. போனாலும், நஞ்சுக்கொடி விழட்டும் என்று காத்திருப்பார்கள். கொடி விழுமுன் பால் குடித்தால் தாய்க்குக் கேடு என்று பாட்டன் காலத்திலிருந்து ஒரு நம்பிக்கை. தெற்காசியாவின் பல பகுதிகளில் இது உண்டு. உண்மை நேர் எதிரானது. கன்று காம்பைச் சப்பும்போது தாயின் உடலில் சுரக்கும் நீர் கருப்பையைச் சுருங்கவைக்கிறது. அது கொடி விழ உதவும். காத்திருக்கும் அந்தப் பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் கன்றின் குடல்தான் மூடுகிறது. இன்னொரு நம்பிக்கை, சீம்பால் அதிகம் குடித்தால் கழியும் என்பது. அதனால் இரண்டு வாய் குடித்ததும் இழுத்துக் கட்டிவிடுவார்கள். மீதிப் பால் கடும்பு அவிக்க அடுப்புக்குப் போகும், அக்கம்பக்கத்துக்கும் போகும். கடும்பு அவிப்பது நல்ல வழக்கம்தான், நானும் விரும்பிச் சாப்பிடுகிறவன். ஆனால் முதல் கறவை கன்றுக்கு உரியது. பிறகு மிஞ்சுவதில் அவிக்கலாம்.

கன்று தானாகப் போய்க் குடித்துக்கொள்ளும் என்று விட்டுவிடுவதும் போதாது. மடி தொங்கிய பசு, முதல் ஈற்றுப் பசு, கடினப் பிரசவத்தில் களைத்த கன்று ஆகியவற்றில் காம்பைக் கண்டுபிடிக்கவே பாதி நாள் போய்விடும். குடித்ததா என்று பார்க்க வேண்டும். குடிக்கவில்லை என்றால் கறந்து போத்தலில் கொடுக்க வேண்டும். அமெரிக்க விவசாயத் திணைக்களம் 1990களின் தொடக்கத்தில் எடுத்த நாடளாவிய ஆய்வில் அந்த நாட்டுப் பெண் கன்றுகளில் 40 வீதத்துக்கும் மேற்பட்டவை போதிய எதிர்ப்புச் சக்தி பெறாதவை என்று தெரிந்தது. 2007 ஆய்வில் அது 19 வீதமாக இறங்கியிருந்தது. முதல் பாலை நேரத்துக்கு, அளந்து, தரம் பார்த்துக் கொடுக்கத் தொடங்கியதுதான் அந்த மாற்றத்தின் பெரும்பகுதி. தரம் பார்க்க அங்கே பயன்படும் பிரிக்ஸ் மானி கையடக்கமான கருவி, பழச்சாற்றின் இனிப்பை அளப்பதும் அதுவே. 22 வீதத்துக்கு மேல் காட்டினால் நல்ல சீம்பால். பால் சேகரிப்பு நிலையத்துக்கு ஒன்று வாங்கி வைத்தால் ஊருக்கே போதும்.

கழிச்சலில் கொல்வது தண்ணீர்த் தட்டுப்பாடு

சீம்பால் தவறிய கன்றுக்கு முதல் வாரத்திலேயே கழிச்சல் வரும். எந்த வயதில் வந்தது என்பதே எது காரணம் என்று பாதி சொல்லிவிடும். முதல் நாலைந்து நாளில் தண்ணீராகப் போனால் ஈ.கோலை என்ற பக்றீரியாவைச் சந்தேகிக்க வேண்டும். ஒரு வாரத்திலிருந்து மூன்று வாரம்வரை ரோட்டா வைரஸ், கொரோனா வைரஸ் (மாடுகளுக்கு உரியது), கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஓரணு உயிரி ஆகியவை. மூன்று வாரம் தாண்டி இரத்தம் கலந்து, முக்கி முக்கிப் போனால் பெரும்பாலும் கொக்சிடியா. சல்மனெல்லா எந்த வயதிலும் வரும், காய்ச்சலோடு வரும்.

இவற்றில் பாதிக்கு ஊசி மருந்தே இல்லை. வைரஸுக்கும் கிரிப்டோவுக்கும் அன்ரிபயோற்றிக் வேலை செய்யாது. கழிச்சல் கண்டதும் பார்மசிக்கு ஓடிக் கையில் கிடைத்த மாத்திரையைக் கரைத்து ஊற்றுவது பணச்செலவு மட்டுமல்ல, மருந்துக்கு மசியாத கிருமிகளை நாமே வளர்ப்பதும் ஆகும். கன்றை உண்மையில் கொல்வது உடம்பிலிருந்து வெளியேறும் தண்ணீரும் உப்பும்தான். இரத்தம் புளித்துப்போகிறது, கன்று எழும்ப மறுக்கிறது, கண் குழிவிழுகிறது. கழுத்துத் தோலை இரண்டு விரலால் கிள்ளி விடுங்கள். உடனே பழைய நிலைக்கு வந்தால் நல்லது. மடிந்தே நின்றால் தண்ணீர் ஏற்கெனவே ஆபத்தான அளவில் போய்விட்டது. வாய்க்குள் விரல் வைக்கும்போது குளிர்ந்திருந்தால், சப்பும் ஆசை இல்லாவிட்டால், நரம்பில் சேலைன் ஏற்ற மிருக வைத்தியரை அந்த நிமிடமே கூப்பிட வேண்டும்.

அந்த நிலைக்குப் போகுமுன் வீட்டிலேயே செய்யக்கூடியது உண்டு. பாலை நிறுத்தக்கூடாது. கழிச்சல் என்றால் பாலை நிறுத்து என்பது பழைய ஆலோசனை, அது கன்றைப் பட்டினி போட்டுச் சாகடித்தது. பால் வழக்கம்போல, இடையில் இரண்டு மணி நேரம் விட்டு உப்பும் குளுக்கோசும் கலந்த நீர். கன்றுகளுக்கென்றே விற்கும் பைக்கற் கிடைத்தால் அது. கிடைக்காத இரவில் வீட்டில் பிள்ளைகளுக்கு வாங்கி வைக்கும் ஜீவனியும் அவசரத்துக்கு உதவும். எவ்வளவு என்பதைக் கன்றின் எடையைச் சொல்லி மிருக வைத்தியரிடம் போனில் கேட்டுக்கொள்ளலாம். ஒரு எச்சரிக்கை. கிரிப்டோவும் சல்மனெல்லாவும் மனிதருக்கும் தொற்றும். கழியும் கன்றைத் தடவிவிட்டுப் பிள்ளைகள் கை கழுவாமல் சாப்பாட்டுக்கு உட்காரக் கூடாது.

தொப்புளைச் சொல்லாமல் விட முடியாது. அறுந்த தொப்புள்கொடி இரண்டு மூன்று நாளைக்குத் திறந்த வாசல். சாம்பலும் சாணமும் பூசுவது அந்த வாசலுக்குள் கிருமியைத் தள்ளுவதுதான். 7 வீத அயடின் கரைசலில் பிறந்ததும் ஒருமுறை தோய்த்து, மறுநாளும் தோய்த்தால் போதும். தோய்க்காத கன்றுக்குச் சில நாளில் முழங்கால் வீங்கும், நொண்டும். "கால் மிதிபட்டிருக்கும்" என்பார்கள். தொப்புள் வழியே ஏறிய கிருமி மூட்டில் போய் உட்கார்ந்திருக்கும். ஈ மொய்த்தால் புழு வைக்கும். மழைக்காலத்தில் இது சர்வசாதாரணம்.

பேராதனையில் கண்டது

நாலந்தாவிலிருந்து சில மணி நேர பஸ் பயணத்தில் பேராதனை. அங்கே மிருக வைத்திய பீடம் இருக்கிறது. பக்கத்தில் கன்னொறுவையில் மிருக வைத்திய ஆராய்ச்சி நிலையம். எருமைக் கன்றுகள் வயிறு ஊதி, மயிர் சிலிர்த்து, சேற்று நிறத்தில் நாற்றமாகக் கழிந்து, இரண்டு மூன்று மாதத்துக்குள் செத்துப்போவதை ஆராய்ந்தபோது கிடைத்த ஒரு விடை, உலகின் கால்நடை நூல்களில் இடம்பெற்றது. டொக்சொக்காரா விட்டுலோறம் என்ற பெரிய உருண்டைப் புழு தாயின் பால் வழியாகவே கன்றுக்குள் போகிறது. ஜே.ஏ. ராபர்ட்ஸ், எஸ்.டி. பெர்னாண்டோ, எஸ். சிவநாதன் மூவரும் இலங்கை எருமைகளின் பாலில் இந்தப் புழுவின் குடம்பிகள் இருப்பதை 1990இல் வெளியிட்டார்கள்.

இதன் பொருள் எளியது, ஆனால் நடைமுறையை மாற்றக்கூடியது. தாயின் தசைக்குள் உறங்கும் குடம்பிகளை மருந்து எட்டாது, ஆகவே தாய்க்குப் புழு மருந்து கொடுத்துப் பயனில்லை. கன்று பிறந்த முதல் ஒன்றரை வாரத்துக்குள்தான் குடம்பிகள் பாலில் வருகின்றன. அதன்பின், 10ஆம் நாளுக்கும் 16ஆம் நாளுக்கும் இடையில், கன்றுக்குப் பைரன்டெல் ஒருமுறை கொடுத்தால் குடலுக்கு வந்து சேர்ந்த புழுக்கள் முட்டையிடுமுன் வெளியேறிவிடும். ராபர்ட்ஸ் முன்வைத்த முறை அதுதான். நாமோ மூன்றாம் மாதத்தில், வயிறு பானையான பிறகு மருந்து தேடுகிறோம். அதற்குள் அந்தக் கன்று கோடிக்கணக்கான முட்டைகளைப் பட்டியில் கொட்டிவிட்டது. இந்தப் புழு எருமைக்கு மட்டும் உரியதல்ல, பசுக்கன்றையும் பிடிக்கும். புழு வருகிறதே என்று சீம்பாலை மறுக்கவும் கூடாது. சீம்பால் இல்லாத கன்று பெரும்பாலும் புழு வளரும் வயதுவரை இருக்காது.

பசி

இதுவரை சொன்னவற்றில் எல்லாம் கிருமியோ புழுவோ இருக்கிறது. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது பசி. இதை எழுதும்போது எவரையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த மனம் வரவில்லை. நாளுக்கு ஐந்து லீற்றர் கறக்கும் பசு வைத்திருக்கும் வீட்டில், 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லீற்றர் என்றால் வருமானத்தில் பாதி. 2021இல் இரசாயனப் பசளைத் தடைக்குப் பின் சோளம் அருகி, 2022இல் பொருளாதாரமே சரிந்தபோது தீவனத்தின் விலை எங்கே போனது என்று மாடு வைத்திருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். அந்த நாட்களில் பள்ளிக்கூடக் கொப்பிக்கும் மருந்துக்கும் அந்தப் பால்தான் காசு. கன்று பால் இறக்கிவிடுவதற்கு மட்டும் அவிழ்க்கப்பட்டு, காம்பில் இரண்டு முட்டு முட்டியதும் இழுத்துக் கட்டப்பட்டு, கடைசியில் மடியில் ஒட்டியிருப்பதை நக்கியது. ஆண் கன்று என்றால் அதுவும் இல்லை. அதை வளர்த்து என்ன செய்வது என்ற கேள்விக்கு நம் நாட்டில் யாரும் நேர்மையாகப் பதில் சொல்லவில்லை. பதில் இல்லாததால் அது மெதுவாகச் சாக விடப்படுகிறது.

பசியில் இருக்கும் கன்று குளிரைத் தாங்காது. நாலந்தாவில் உறைபனி இல்லைதான். ஆனால் மார்கழி மழையில் நனைந்த சீமெந்துத் தரையில், முழ நீளக் கயிற்றில், தாயின் மூத்திரம் வடியும் மூலையில் கட்டப்பட்ட கன்றுக்கு உடம்பில் கொழுப்பும் இல்லை. அந்த மூலையில் குந்தி, கன்றின் மூக்கு உயரத்தில் ஒருமுறை மூச்சை இழுத்துப் பாருங்கள். கண் எரியும். அந்தக் காற்றை இரவு முழுக்க இழுக்கும் நுரையீரலில் நிமோனியா வராமல் என்ன செய்யும்? காய்ந்த வைக்கோலைத் தடிமனாகப் பரப்பி, கன்றை வேறு இடத்தில் கட்டுவதற்குக் காசு தேவையில்லை. இரண்டாம் வாரத்திலிருந்து ஒரு கை கன்றுத் தீவனமும் எந்நேரமும் சுத்தமான தண்ணீரும் வைத்தால் அதன் பெரிய வயிறு விரைவில் வேலை செய்யத் தொடங்கும், பாலையும் முன்கூட்டியே குறைக்கலாம். வெறும் வைக்கோலைத் தின்று ஊதிய வயிற்றைப் பார்த்துக் கன்று கொழுத்திருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது.

தொழுவத்தில் இந்த வேலைகளைச் செய்வது பெரும்பாலும் பெண்கள். விடியுமுன் கறப்பதும் புல் அறுப்பதும் கன்றை அவிழ்ப்பதும் அவர்கள்தான். கால்நடை வகுப்புகளுக்கு அழைக்கப்படுவதோ வீட்டு ஆண். வகுப்பு நடப்பதும் பெண்கள் புல்லுக்குப் போகும் நேரத்தில். தோட்டப் பகுதியில் அது தமிழில் நடக்க வேண்டும், லயத்துக்கே வந்து நடக்க வேண்டும்.

பால் போதவில்லை என்று அரசு தேடிய வழி கப்பல் வழி. ஆஸ்திரேலியாவிலிருந்து 20,000 கறவைப் பசுக்களைக் கொண்டுவரும் திட்டத்தில் 2017இல் 5,000 வந்திறங்கின. சிறு, நடுத்தரப் பண்ணையாளர்கள் கடன் வாங்கி அவற்றை எடுத்தார்கள். பல பசுக்கள் நோயில் விழுந்தன, சினை பிடிக்கவில்லை, பசுவும் கன்றும் மாண்டன. எஞ்சிய 15,000 வரவே இல்லை. கடனை அடைக்க முடியாமல் திண்டாடிய பண்ணையாளர்களின் துயரம் ஆஸ்திரேலியத் தொலைக்காட்சிவரை போனது. குளிர்நாட்டுப் பசுவை இந்த வெப்பத்துக்கும் உண்ணிக்கும் நடுவே நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை முன்பே கேட்டிருக்கலாம். எனக்கு அதைவிட உறுத்துவது வேறு. இந்த மண்ணிலேயே பிறந்து, இந்த உண்ணிக்கும் வெயிலுக்கும் பழகக்கூடிய கலப்புக் கன்றுகள், குண்டசாலை நிலையத்தின் செயற்கைச் சினை ஊசியில் அரச பணத்தில் உருவானவை, பிறந்த சில வாரங்களிலேயே செத்துக்கொண்டிருந்தன. அவற்றைக் காப்பாற்ற ஒரு போத்தல் அயடினும் ஒரு பைரன்டெல் மாத்திரையும் இரவில் கண்விழிக்கும் ஒரு மனிதரும் போதும். கிடாரிக் கன்று வளர்ப்புக்கு அரசின் உதவித் திட்டம் உண்டு. ஆனால் பிழைத்து நிற்கும் கன்றைத்தானே பதிவு செய்ய முடியும்? காதில் இலக்கம் குத்துமுன் செத்தது எந்தப் பதிவிலும் வராது. பதிவில் வராதது திட்டத்திலும் வராது.

ஆகவே நான் கேட்பது இது. பால் சேகரிக்கும் நிறுவனங்களின் ஆள் தினமும் பாலை அளக்கிறார். எத்தனை லீற்றர், கொழுப்பு எவ்வளவு என்று எழுதுகிறார். அந்தக் கொப்பியில் இன்னும் மூன்று நிரல் கோடு போடட்டும். கன்று பிறந்த நாள், முதல் பால் குடித்த நேரம், இறந்தால் எத்தனையாவது நாள். மாதம் ஒருமுறை அந்தத் தாள் பக்கத்து நாவுல மிருக வைத்திய அலுவலகத்துக்குப் போகட்டும். ஐந்து நாளுக்குள் செத்தவை அதிகம் என்றால் சீம்பாலில் பிழை. இரண்டாம் வாரத்தில் என்றால் தரையிலும் வாளியிலும் பிழை. ஒன்றரை மாதத்தில் என்றால் புழுவைப் பார்க்க வேண்டும். காரணம் புரியாத சாவு என்றால், அழுகுமுன் சடலத்தைக் கன்னொறுவைக்கு அனுப்பி அறுத்துப் பார்க்கலாம். புரட்டாதியில் கொப்பியைத் தொடங்கினால் ஐப்பசி மழையின் சாவுகள் முழுவதும் அதில் பதிவாகும்.